பள்ளி முடிந்த மறுநாள்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை என்ற காரணத்துக்காக ஒரு மாணவனுக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. உடற்பயிற்சி வகுப்பை முடிக்கவில்லை என்பது இரண்டாவது காரணம். மாணவனோ கழுத்துக்குக் கீழே அசைவற்றவன். இடக்கையின் இரண்டு விரல்களும் சில கால்விரல்களும் மட்டுமே அவன் சொல் கேட்டன. இரவில் இரும்பு நுரையீரல் என்ற உலோக உருளைக்குள் கழுத்துவரை படுத்திருந்தால்தான் மூச்சு ஓடும். அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்துப் பர்லிங்கேம் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் இது நடந்தது. மாணவனின் பெயர் எட்வர்ட் ராபர்ட்ஸ். பின்னாளில் உலகம் அவரை எட் ராபர்ட்ஸ் என்று அறிந்தது.

சான்றிதழை மறுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். எல்லா மாணவர்க்கும் பொதுவான விதியை அவர்கள் இவனுக்கும் பொருத்தினார்கள், அவ்வளவே. தாயார் ஸோனா ராபர்ட்ஸ் விடவில்லை. பள்ளியோடு வாதாடி, பின்னர் மேல்நிலை அதிகாரிகளிடமும் முறையிட்டு, அந்தத் தாளைப் பெற்றுத் தந்தார். பாடங்களை மகன் ஏற்கனவே கற்றுவிட்டான். அந்தத் தாள் இல்லாவிட்டால் அடுத்த படியில் கால் வைக்க இயலாது என்பதே அவருடைய கவலை.

பிள்ளையைக் 'கரையேற்றுவது' என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. படிக்க வைப்பது வேறு, கரையேற்றுவது வேறு என்பதை நம் பெற்றோர் நன்கு அறிவார்கள். உடற்குறையோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் இதை இன்னும் கூர்மையாக அறிவார்கள். "எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்?" என்ற கேள்வியை அந்த வீடுகளில் கேட்காத இரவு அரிது. பள்ளி நடக்கும் காலத்தில் அந்தக் கேள்வி சற்று உறங்கும். பள்ளி முடிந்த மறுநாள் காலையில் விழித்துக்கொள்ளும்.

அந்த மறுநாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவை முன்வைத்து அதைச் சொல்ல முயல்கிறேன். அங்கே அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு வந்தது, பின்னர் சட்டமாயிற்று, சட்டத்தின் விளைவு பல்லாண்டுகள் தொடர்ந்து கணக்கெடுக்கவும்பட்டது. வென்றது எது, வெல்லாமல் நின்றது எது என்று பார்ப்பதற்கு அந்த வரலாறு வசதியானது.

*

எட் ராபர்ட்ஸ் 1939இல் பிறந்தார். 1953இல், பதினான்கு வயதில், இளம்பிள்ளை வாதம் தாக்கியது. ஜோனஸ் சால்க்கின் தடுப்பு மருந்து பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 1955இல்தான். நோயிலிருந்து பிழைத்த சிறுவனின் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு தொலைபேசி இணைப்புப் போடப்பட்டது. வகுப்பில் நடப்பதைப் படுக்கையிலிருந்தே கேட்டுப் படித்தான். சில காலம் கழித்து, வாரத்துக்கு ஒருமுறையாவது நேரில் போகவேண்டும் என்று தாயார் வற்புறுத்தினார். பள்ளி முற்றத்தில் அத்தனை கண்களும் தம்மை வெறித்த முதல் நாளைப் பற்றி ராபர்ட்ஸ் பிற்காலத்தில் பலமுறை பேசியிருக்கிறார். அந்தப் பார்வைகள் தம்மைக் கொன்றுவிடவில்லை என்று கண்டுகொண்டதும் அச்சம் போயிற்றாம். வெறித்துப் பார்ப்பதில் உள்ள சங்கடம் பார்ப்பவர்களுடையது என்றும், வேண்டுமானால் ஒரு திரை நட்சத்திரம் போலத் தாம் அதை ஏற்கலாம் என்றும் முடிவு செய்ததாகச் சொல்லுவார்.

பள்ளிக்குப் பிறகு சான் மாட்டியோ கல்லூரி. அங்கே ஜீன் வர்த் என்ற ஆசிரியை அவருக்கு வழிகாட்டினார். அரசியல் விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போ என்றவர் அவரே. செலவுக்குப் பணம் தரவேண்டியது மாநில அரசின் மறுவாழ்வுத் துறை. உடற்குறையுள்ளோரை வேலைக்குத் தகுதிப்படுத்துவதற்கென்றே அமைந்த துறை அது. ராபர்ட்ஸின் விண்ணப்பத்தைப் பரிசீலித்த அந்தத் துறை, இவர் எவ்வளவு படித்தாலும் வேலைக்குப் போக இயலாதவர், ஆகவே பணம் செலவிடுவது வீண் என்று முடிவு செய்தது. செய்தி நாளேடுகளுக்குப் போயிற்று. எதிர்ப்பு எழுந்த பிறகே துறை இறங்கி வந்தது.

பல்கலைக்கழகமும் தயங்கியது. இத்தகையோரைச் சேர்த்துப் பார்த்தோம், சரிவரவில்லை என்ற பதில் வந்தது. விடுதித் தளங்கள் எண்ணூறு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ள இரும்பு நுரையீரலைத் தாங்கமாட்டா. மாணவர் நல மருத்துவப் பிரிவின் தலைவர் ஹென்றி ப்ரூயன் ஒரு வழி சொன்னார். வளாகத்திலுள்ள கோவெல் மருத்துவமனையின் ஒரு பகுதியையே விடுதியாக்கிக்கொள்ளலாம் என்றார். இவ்வாறு 1962ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்தில் ராபர்ட்ஸ் பெர்க்லி மாணவரானார். அதே பருவத்தில்தான் ஜேம்ஸ் மெரடித் என்ற கறுப்பின மாணவர் மத்திய அரசுப் படைகளின் காவலோடு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தார். ராபர்ட்ஸுக்குப் படை தேவைப்படவில்லை. ஆனால் அவர் வகுப்புக்கு வருவதை அறிவித்த நாளேடு, தலைப்பிலேயே அவரைக் கதியற்ற முடவர் என்று குறிப்பிட்டது.

அடுத்த ஆண்டு ஜான் ஹெஸ்லர் என்பவர் வந்து சேர்ந்தார். நீரில் பாய்ந்தபோது கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்தவர் அவர். அறுபதுகளின் இறுதிக்குள் கோவெலில் இத்தகைய மாணவர்கள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் தங்கியிருந்தார்கள். தங்களுக்கு 'ரோலிங் குவாட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சக்கரத்தில் உருளும் நாலங்க வாதக்காரர்கள் என்று பொருள். தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளத் தெரிந்தவர்களைப் பிறர் இரக்கத்தால் வீழ்த்துவது கடினம்.

1969இல் ஒரு சோதனை வந்தது. மறுவாழ்வுத் துறையின் ஆலோசகர் ஒருவர், படிப்பில் போதிய முன்னேற்றம் இல்லை என்று கூறி, இரண்டு மாணவர்களை அங்கிருந்து வெளியேற்ற முற்பட்டார். எத்தனை பாடங்களை எவ்வளவு காலத்தில் முடிக்கவேண்டும் என்று துறையே முடிவு செய்யும் என்பது அவர் கட்சி. ரோலிங் குவாட்ஸ் எதிர்த்து நின்றார்கள். மீண்டும் நாளேடுகள், மீண்டும் மனுக்கள். இறுதியில் இடம் மாறியவர் ஆலோசகர்தான். தம் வாழ்க்கையைப் பற்றிய முடிவைத் தாமே எடுப்பது என்ற எண்ணம் அந்த மருத்துவமனைத் தளத்தில் ஒரு கொள்கையாக உருக்கொண்டது இந்தச் சண்டையில்தான் எனலாம்.

பின்னர் அவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். பட்டம் கிடைத்துவிடும். பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் இருக்க முடியாது. பெற்றோர் வீட்டுக்கோ, முதியோர் கிடக்கும் பராமரிப்பு இல்லத்துக்கோ திரும்பவேண்டியதுதானா? வெளியே வாழ என்ன தேவை? உடை மாற்றவும் குளிக்கவும் கைகொடுக்கும் உதவியாள். படியில்லாத வாடகை வீடு. சக்கர நாற்காலி நடுத்தெருவில் பழுதானால் அன்றே சரிசெய்து தரும் பட்டறை. நடைபாதையிலிருந்து தெருவில் இறங்கச் சாய்தளம். இவற்றில் ஒன்றுகூட மருத்துவமோ பாடமோ அன்று. எந்தப் பாடத்திட்டத்திலும் இவை இல்லை. ஆனால் இவை இல்லாவிட்டால் அரசியல் விஞ்ஞானப் பட்டம் சுவரில் மாட்டும் படமாகவே இருக்கும்.

1970இல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்காக இவ்வுதவிகளைத் திரட்டித் தரும் அமைப்பு ஒன்று மத்திய அரசு நிதியுடன் தொடங்கியது. மாணவரல்லாத ஊர்க்காரர்களும் கதவைத் தட்டவே, 1972இல் பெர்க்லி நகரத்தில் 'சுதந்திர வாழ்வு மையம்' பிறந்தது. அதை நடத்தியவர்களில் பெரும்பாலோர் உடற்குறை உள்ளவர்களே. இன்று அமெரிக்காவெங்கும் நூற்றுக்கணக்கில் உள்ள இத்தகைய மையங்களுக்கு அதுவே முன்மாதிரி.

மின்விசை நாற்காலியை ராபர்ட்ஸ் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையையும் இங்கே சொல்லவேண்டும். உங்கள் விரல்களால் அதை இயக்க முடியாது என்று வல்லுநர்கள் சொல்லியிருந்தார்கள். அப்போது அவர் ஒரு பெண்ணைக் காதலித்தார். நாற்காலியைத் தள்ள ஓர் உதவியாள் எந்நேரமும் பின்னால் நிற்பது காதலுக்கு இடைஞ்சலாக இருந்தது. இயக்கும் பிடியைத் திருப்பி அமைத்துக்கொண்டு வெகு விரைவில் ஓட்டக் கற்றுக்கொண்டார். வேலை, வருமானம் என்று மட்டுமே 'அடுத்த படி'யை அளக்கும் எந்தத் திட்டத்திலும் இந்தக் காரணத்தை எழுத இடம் இராது.

1975இல் கலிஃபோர்னியா ஆளுநர் ஜெரி பிரவுன், மாநில மறுவாழ்வுத் துறைக்குப் புதிய இயக்குநரை நியமித்தார். வேலைக்குப் போக இயலாதவர் என்று எந்தத் துறை முத்திரை குத்தியதோ அந்தத் துறைக்கே எட் ராபர்ட்ஸ் தலைவரானார்.

*

ராபர்ட்ஸ் பதினான்கு வயதுவரை மற்றப் பிள்ளைகளைப் போலப் பள்ளிக்குப் போனவர். பள்ளிக்கே போக விடப்படாதவர்களின் கதை வேறு.

ஜூடித் ஹ்யூமன் 1947இல் பிறந்தவர், நியூயார்க் நகரின் புரூக்ளினில் வளர்ந்தவர். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டது. ஐந்து வயதில் தாயார் அவரைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, சக்கர நாற்காலி தீ விபத்துக் காலத்தில் ஆபத்து என்று தலைமையாசிரியர் திருப்பி அனுப்பினார். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் மட்டும் ஓர் ஆசிரியை வீட்டுக்கு வந்து கற்பித்தார். ஒன்பது வயதில்தான் பள்ளிக்கூடத்துக்குள் போக முடிந்தது. அதுவும் உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கென்று தனியே ஒதுக்கிய வகுப்புக்கு.

1969இல் பட்டம் பெற்ற ஹ்யூமன் ஆசிரியையாக விரும்பினார். எழுத்துத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் தேறினார். மருத்துவச் சோதனையில் தேறவில்லை என்று நியூயார்க் கல்வி வாரியம் அறிவித்தது. தீப்பிடித்தால் இவரும் தப்ப முடியாது, குழந்தைகளையும் காப்பாற்ற முடியாது என்பது காரணம். ஐந்து வயதில் மாணவியாக நுழையத் தடையாயிருந்த அதே தீ, இருபத்திரண்டு வயதில் ஆசிரியையாக நுழையவும் தடையாயிற்று. இடையில் அவர் கற்ற கல்வியால் அந்தக் கதவு ஓர் அங்குலமும் நகரவில்லை.

1970இல் அவர் வழக்குத் தொடுத்தார். இளம்பிள்ளை வாதம் கண்ட ஒருவர் இந்நாட்டில் அதிபராகலாம், ஆசிரியராகக் கூடாதா என்று, ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை நினைவூட்டி நாளேடுகள் கேட்டன. வழக்கு கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லியிடம் வந்தது. அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண்மணி அவர். மறுபரிசீலனை செய்வது நல்லது என்று அவர் குறிப்பால் உணர்த்த, வாரியம் பணிந்தது. நியூயார்க் நகரப் பள்ளிகளில் சக்கர நாற்காலியிலிருந்து கற்பித்த முதல் ஆசிரியை ஆனார் ஹ்யூமன். சில ஆண்டுகளில் ராபர்ட்ஸின் அழைப்பின் பேரில் பெர்க்லிக்குச் சென்று அங்கிருந்தோரோடு சேர்ந்துகொண்டார்.

*

இதே காலத்தில் பெற்றோர்கள் நீதிமன்றங்களில் வேறொரு போரை நடத்திக்கொண்டிருந்தார்கள். கறுப்பினக் குழந்தைகளைத் தனிப்பள்ளிகளில் ஒதுக்குவது சட்டவிரோதம் என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததல்லவா? அந்தத் தர்க்கத்தை அவர்கள் தம் பிள்ளைகளுக்கு நீட்டினார்கள். பென்சில்வேனியாவில் அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கம் தொடுத்த வழக்கும், தலைநகர் வாஷிங்டனில் மில்ஸ் என்ற சிறுவனின் பெயரால் நடந்த வழக்கும் 1972க்குள் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தன.

1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நாட்டில் உடற்குறையும் பிற குறைபாடுகளும் உள்ள குழந்தைகள் எண்பது லட்சம் பேருக்கு மேல், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்குத் தகுந்த கல்வி இல்லை, பத்து லட்சம் பேர் பொதுப்பள்ளிகளிலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அந்தச் சட்டத்தின் முகப்பிலேயே எழுதியிருந்தது. இலவசமான, தகுந்த பொதுக்கல்வி ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு என்றும், ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே கல்வித் திட்டம் எழுதப்படவேண்டும் என்றும் சட்டம் விதித்தது.

பள்ளிக்கு வெளியே உள்ள உலகத்துக்கான சட்டம் அதற்கு முன்பே, 1973இல், இயற்றப்பட்டிருந்தது. மத்திய அரசின் நிதியைப் பெறும் எந்த நிறுவனமும் உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு சொல்லிற்று. கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் பொருந்தக்கூடிய வாக்கியம். ஆனால் அதைச் செயல்படுத்தும் விதிமுறைகள் நான்கு ஆண்டுகள் கையெழுத்தாகாமல் கிடந்தன. 1977 ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் போராட்டம் தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹ்யூமன் முதலானோரின் தலைமையில் ஏறத்தாழ நூற்றைம்பது பேர் மத்திய அரசுக் கட்டடத்துக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். மூச்சுக் கருவியும் படுக்கைப் புண்ணுக்கான மருந்தும் இல்லாமல் பலர் தரையில் உறங்கினார்கள். தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, செவித்திறனற்றோர் சன்னல் வழியே சைகைமொழியில் வெளியே நின்றவர்களுக்குச் செய்தி சொன்னார்கள். கருஞ்சிறுத்தைக் கட்சியினர் நாள்தோறும் உணவு கொண்டுவந்து தந்தார்கள். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசஃப் கலிஃபானோ கையெழுத்திட்டார். இரண்டு நாள் கழித்து அவர்கள் பாடிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். பள்ளிக்குள் நுழையும் உரிமையைப் பெரிதும் வென்று தந்தவர்கள் பெற்றோர்கள். பள்ளிக்குப் பிந்திய உலகின் உரிமையை வென்றவர்கள் அந்தப் பிள்ளைகளே, வளர்ந்த பின். பெற்றோரின் கண் பள்ளி வாசல்வரை செல்லும். வாசலைக் கடந்தவன் எதில் முட்டிக்கொள்கிறான் என்பது முட்டிக்கொண்டவனுக்கே தெரியும்.

*

1975இன் சட்டத்தால் பள்ளிக்குள் வந்த முதல் தலைமுறை எண்பதுகளில் வெளியே வந்தது. அப்போதுதான் குறை தெரிந்தது. பல இளைஞர்கள் படிப்பு முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். 1984இல், கல்வித் துறையில் சிறப்புக் கல்விக்குப் பொறுப்பேற்றிருந்த மேடலின் வில், பள்ளியிலிருந்து வேலைக்குப் பாலம் கட்டவேண்டும் என்று ஓர் ஆவணம் வெளியிட்டார். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு மகனின் தாயார் அவர். மறு ஆண்டே ஆண்ட்ரூ ஹால்பர்ன் என்ற கல்வியறிஞர் அதை விரித்துரைத்தார். வேலை மட்டும் கரையாகாது, குடியிருக்க ஓர் இடமும் கூடிப் பேச நாலு மனிதர்களும் சேர்ந்தால்தான் கரை என்பது அவர் வாதத்தின் சாரம். பெர்க்லி மாணவர்கள் பட்டறையும் வாடகை வீடுமாகப் போட்ட கணக்கைக் கல்வியியல் பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்தடைந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

பள்ளியின் பயனை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிற்று. ஏமி ரௌலி என்ற செவித்திறனற்ற சிறுமிக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். வகுப்பில் பேசப்படுவதில் பெரும்பகுதி அவளுக்கு எட்டவில்லை. ஆயினும் அறிவுக்கூர்மையால் நல்ல மதிப்பெண் பெற்றாள். வகுப்புக்கு வகுப்பு தேறிவருகிறாளே, அது போதும், அவளுடைய திறனின் உச்சத்தைத் தொடச் செய்யும் கடமை பள்ளிக்கு இல்லை என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏமி பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் சைகைமொழி கற்பிக்கும் பேராசிரியையானார். தேறினால் போதும் என்ற அளவுகோல் முப்பத்தைந்து ஆண்டுகள் நின்றது. 2017இல்தான், ஆட்டிசம் உள்ள ஒரு மாணவனின் வழக்கில், பெயரளவுக்கான முன்னேற்றம் போதாது, அவரவர் நிலைக்கு ஏற்ற உயர்ந்த இலக்கு வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது.

1990 முக்கியமான ஆண்டு. கல்விச் சட்டம் திருத்தப்பட்டது. மாணவனுக்குப் பதினாறு வயது நிறையும்போதே, பள்ளிக்குப் பிறகு அவன் படிப்பு, வேலை, வாழிடம் ஆகியவற்றுக்கான திட்டம் எழுதப்படவேண்டும் என்ற கட்டாயம் வந்தது. அதே ஆண்டு ஜூலை 26 அன்று, தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கையெழுத்தானது. 2014இல் இயற்றிய மற்றொரு சட்டம், மாநில மறுவாழ்வு நிதியில் குறைந்தது 15 விழுக்காட்டைப் பள்ளி மாணவர்களை வேலைக்கு ஆயத்தப்படுத்தச் செலவிடவேண்டும் என்றது.

விளைவு என்ன? அமெரிக்கக் கல்வித் துறை, சிறப்புக் கல்வி பெற்ற மாணவர்களைப் பள்ளிக்காலம் தொட்டுப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தது. 2011இல் வெளிவந்த அறிக்கையின்படி, பள்ளியை விட்டு எட்டாண்டுகளுக்குள் அவர்களில் 60 விழுக்காட்டினர் ஏதேனும் மேற்படிப்பில் சேர்ந்திருந்தார்கள். பொது இளைஞரிடையே இது 67. பத்து லட்சம் பேர் பள்ளிக்கு வெளியே நின்ற காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் வெற்றி. ஆனால் சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தோர் 41 விழுக்காடு, மற்றவரிடையே 52.

அதே அறிக்கையில் என்னை நிறுத்திய எண்கள் வேறு. உயர்நிலைப் பள்ளியில் அம்மாணவர்களில் 87 விழுக்காட்டினர் கூடுதல் தேர்வு நேரம், குறிப்பெடுத்துத் தருபவர் என ஏதேனும் ஓர் உதவியைப் பெற்றிருந்தார்கள். மேற்படிப்பில் அது 19 ஆகச் சரிந்தது. தமக்குக் குறைபாடு உண்டு என்று கருதி அதைத் தம் கல்லூரிக்குத் தெரிவித்தவர்கள் 28 விழுக்காட்டினர் மட்டுமே.

சரிவின் காரணம் சட்டங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. பள்ளிக்காலத்தில் குழந்தையைத் தேடிக் கண்டுபிடிப்பதும், திட்டம் எழுதுவதும், உதவி தருவதும் பள்ளியின் கடமை. சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் அந்தக் கடமை முடிகிறது. கல்லூரி எவரையும் தேடிப்போகாது. எனக்கு இது குறை, எனக்கு இது வேண்டும் என்று இளைஞனே வாய்திறந்து கேட்கவேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் அவனைப் பற்றிப் பிறர் கூடிப் பேசினார்கள், பிறர் எழுதினார்கள், பிறர் கையெழுத்திட்டார்கள். கேட்பதற்கு அவனுக்குப் பயிற்சி ஏது? வெட்கம் ஒருபுறம். புதிய இடத்தில் பழைய முத்திரை வேண்டாம் என்ற நியாயமான ஆசை மறுபுறம்.

கேட்கத் தெரிவதுதான் இந்த இளைஞர்களின் கல்வியில் முதன்மையான பயன் என்று எனக்குத் தோன்றுகிறது. ராபர்ட்ஸ், ஹெஸ்லர், ஹ்யூமன் ஆகியோருக்கு அதைக் கற்றுத் தந்தது பாடத்திட்டம் அன்று. அன்றைய அமைப்பு அவர்களை ஒதுக்கியது, சண்டையில்லாமல் ஒரு படிகூட ஏற முடியவில்லை. சண்டையிட்டதால் குரல் வந்தது. இன்றைய அமைப்பு கனிவானது, அதனால் பலருக்குக் குரல் பழகவில்லை. ஆகவே பழைய கொடுமை திரும்பவேண்டும் என்று எந்த அறிவாளியும் சொல்லமாட்டான். கனிவோடு நடத்தும்போதே குரலையும் பழக்க முடியும். தன் கல்வித் திட்டக் கூட்டத்தில் மாணவன் தானே முதலில் பேசுவது என்ற எளிய வழக்கம் அதற்கான தொடக்கம். அங்கே சில பள்ளிகள் அதை நடைமுறைப்படுத்தி வருகின்றன.

*

இந்த வரலாற்றின் ஓர் இழை இந்தியாவையும் தொடுகிறது. அலிகரில் பிறந்த ஜாவேத் அபிதி பிறவியிலேயே முதுகுத்தண்டுக் குறைபாடு உடையவர். ஓஹையோ மாநிலத்து ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லும்படி அமைந்த வளாகம் அது. பட்டத்தோடு தாயகம் திரும்பியவர் இங்கே படிகளைக் கண்டார். 1995 டிசம்பர் 19 அன்று அவரும் தோழர்களும் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். இந்தியாவின் முதல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அந்த வாரமே நிறைவேறியது. 2018இல் மறையும்வரை அவர் ஓயவில்லை.

1995இன் சட்டத்துக்குப் பதிலாக 2016இல் வந்த சட்டம் விரிவானது. இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடு உள்ளவர்க்குப் பதினெட்டு வயதுவரை இலவசக் கல்வி, அரசு நிதி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடம், அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடம் என்று உறுதி தருகிறது. பதினெட்டுக்கும் அந்த 5 விழுக்காட்டுக்கும் இடையே பாலம் எது என்பதில்தான் சிக்கல். பள்ளியில் இருக்கும்போதே ஒவ்வொரு மாணவனுக்கும் எதிர்காலத் திட்டம் எழுதப்படவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 2011 கணக்கெடுப்பில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே எழுத்தறிவு பெற்றவர்கள். முதல் வாசலே பலருக்கு இன்னும் திறக்காத நாட்டில் இரண்டாம் வாசலைப் பற்றிப் பேசுவது அவசரம் என்று சிலர் கருதலாம். இரண்டாம் வாசல் மூடியிருப்பதைக் கண்டுதான் பல பெற்றோர் முதல் வாசலுக்கே பிள்ளையை அனுப்பத் தயங்குகிறார்கள் என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்கவேண்டும்.

ஹ்யூமனின் கதைக்கு இங்கும் நிகர் உண்டு. ஐரா சிங்கால் 2010இல் குடிமைப்பணித் தேர்வில் தேறியும், முதுகெலும்பு வளைவைக் காரணம் காட்டிப் பணி மறுக்கப்பட்டார். தீர்ப்பாயத்தில் வழக்காடி வென்றார். பின்னர் 2014ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்றார். சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபின், முற்றிலும் பார்வையற்றோரில் இந்திய வெளியுறவுப் பணிக்கு வந்த முதல்வர் என்று 2015இல் செய்தியானார். அவர் தேர்வில் தேறியபின் பணி ஆணை கைக்கு வர ஓராண்டு ஆயிற்று. வென்றவர்களை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடவும் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு வழக்கோ ஒரு போராட்டமோ தேவைப்பட்டதை அந்தக் கொண்டாட்டத்தில் மறந்துவிடக்கூடாது. வழக்காட வலுவில்லாத ஆயிரவர் பள்ளி முடிந்த மறுநாள் எங்கே போனார்கள் என்று எந்தச் செய்தியும் சொல்வதில்லை.

எட் ராபர்ட்ஸ் 1995இல் மறைந்தார். அவருடைய சக்கர நாற்காலி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஹ்யூமன் கிளிண்டன் ஆட்சியில் சிறப்புக் கல்விக்கும் மறுவாழ்வுக்கும் பொறுப்பான உதவி அமைச்சராக இருந்து, 2023இல் மறைந்தார். மாற்றுத்திறனாளி மாணவர்களின் தேர்ச்சி விழுக்காடு இனி நாளேட்டில் வரும்போது, அதற்குக் கீழே இன்னொரு எண்ணையும் நாம் கேட்டுப் பழகவேண்டும். ஓராண்டு கழித்து அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?